காஸ் போச்சா, காத்து போச்சா? கோடைக்கானலும் கொஞ்சம் ஏசி வரலாறும்

வெயில் காலம் வந்தாச்சுன்னா வாடகை வீடுகள்ல இந்தப் பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். ஏசி ஓடுது, ஆனா குளிரலை. மெக்கானிக் வர்றார், ரெண்டே நிமிஷத்துல தீர்ப்பு: "காஸ் போயிடுச்சு சார், ஏத்தணும்." காசு யார் கொடுக்கறது, குடியிருக்கறவரா ஓனரான்னு அடுத்த ரவுண்டு. பொட்டி தட்டுற நமக்கெல்லாம் அப்ப ஒரு கேள்வி வரணும் இல்லீங்களா? காரணம் தெரிஞ்சு சொல்றாரா, குத்துமதிப்பா அடிச்சு விடறாரா?

குத்துமதிப்புக்கு நம்ம பக்கத்துலயே ஒரு பெரிய கதை இருக்கு. கோடைக்கானல் உருவான கதை.

1834-ல் யாழ்ப்பாணத்துல இருந்த அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்து ஒரு மிஷனைத் தொடங்கினாங்க. மதுரை வெயிலைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெயிலோட காலராவும் காய்ச்சலும் சேர்ந்துக்கிச்சு. சில வருஷத்துக்குள்ளயே தங்கள் ஆட்கள்ல பலரைப் பறிகொடுத்தாங்க.

காய்ச்சலுக்குக் காரணம் என்ன? அந்தக் காலத்து மருத்துவத்துக்கிட்ட பதில் தயாரா இருந்தது: சதுப்பு நிலத்துலேர்ந்து கிளம்பற கெட்ட காத்து. மலேரியாங்கற பேருக்கே இத்தாலி மொழியில அதுதான் அர்த்தம். அப்ப தீர்வு சுலபம், நல்ல காத்து இருக்கற இடத்துக்குப் போயிட வேண்டியதுதான். மொதல்ல திண்டுக்கல் பக்கம் சிறுமலையில வீடு கட்ட ஆரம்பிச்சாங்க. காய்ச்சல் அங்கயும் விடலை. அப்புறம் பழனி மலைக்குப் போனாங்க. அதை 1821-லயே லெப்டினன்ட் வார்டுங்கற சர்வே அதிகாரி அளந்து வெச்சிருந்தார். 1845-ல் சன்னிசைட், ஷெல்டன்னு ரெண்டு பங்களா எழும்புச்சு. மலையில பளியர்களும் பூம்பாறை மாதிரி கிராமங்களும் அதுக்கு ரொம்ப முன்னாடியே உண்டு. ஆனா இன்னிக்கு நாம டூர் போற ஊரோட தொடக்கம் இந்த ரெண்டு வீடுதான்.

இங்க வந்ததும் பிரச்சினை தீர்ந்தது. காத்து நல்ல காத்துங்கறதாலயா? இல்லை. ஒரு கிலோமீட்டர் மேல போனா சராசரியா 6.5 டிகிரி குறையும். கோடை சுமார் 2,100 மீட்டர் உயரம், அதனால மதுரையை விட ஏறக்குறைய 13 டிகிரி குளிர். மலேரியாக் கிருமி கொசு உடம்புக்குள்ள வளர வெப்பம் வேணும். சுமார் 16 டிகிரிக்குக் கீழ அது வளராது. சிறுமலைக்கு அந்த உயரம் பத்தலை, அவ்வளவுதான் மேட்டர். கொசுதான் குற்றவாளின்னு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்ல கண்டுபிடிச்சது 1897-ல். அதாவது பங்களா கட்டி 52 வருஷம் கழிச்சு!

பலன் கிடைச்சா போதாதா, காரணம் எதுக்குங்கறீங்களா? மலைக்கு மோட்டார் ரோடு வந்தது 1910-கள்லதான். அதுக்கு முன்னாடி பெரியகுளம் பக்கத்துலேர்ந்து துரைமாரை நாற்காலியில வெச்சு ஆளுங்க தூக்கிட்டுப் போனாங்க. தூக்கினவங்க இறங்கி வந்தது அதே காய்ச்சலுக்குத்தான். கெட்ட காத்துன்னு நம்பின வரைக்கும், தப்பிக்கற வழி மலையேற வசதி உள்ளவங்களுக்கு மட்டும். கொசுன்னு தெரிஞ்ச பிறகுதான் தேங்கின தண்ணியைக் கவனி, வலை கட்டுன்னு கீழ இருக்கறவங்களுக்கும் ஒரு வழி பிறந்தது.

அதே 1840-கள்ல அமெரிக்காவோட ஃப்ளோரிடாவுல ஜான் கோரின்னு ஒரு டாக்டர். அவரும் கெட்ட காத்துக் கட்சிதான். காய்ச்சல்காரங்க அறையைக் குளிர்விக்க, கூரைக்குக் கீழ ஐஸ் பாத்திரத்தைத் தொங்க விட்டார். ஐஸ் வடக்கேயிருந்து கப்பல்ல வரணும். (சென்னைக்கும் அப்படித்தான் வந்தது, 1842-ல் கட்டின ஐஸ் ஹவுஸ் அதுக்குத்தான்.) கப்பலை நம்பி முடியாதுன்னு ஐஸ் செய்ய மெஷினே செஞ்சு 1851-ல் காப்புரிமை வாங்கினார். காரணம் தப்பு, மெஷின் சரி :-)

நம்ம '1.5 டன் ஏசி'யில இருக்கற டன்னும் ஐஸ் கணக்குதான். 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்துல உருக எவ்வளவு வெப்பம் வேணுமோ, அதை வெளியேத்தற வேகம் ஒரு டன்.

சரியான காரணத்தைப் பிடிச்சவர் வில்லிஸ் கேரியர். 1902-ல் நியூயார்க் புரூக்ளின்ல ஒரு அச்சகம். பேப்பர் உப்பிப் போய் கலர் ஒண்ணோட ஒண்ணு சேரலை. பிரச்சினை காத்துல இருக்கற ஈரம்னு பார்த்து, அதைக் கட்டுப்படுத்த வடிவமைச்சதுதான் நவீன ஏசி.

இப்ப அந்த மெக்கானிக்குக்கு வருவோம். ஏசி காஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போறதில்லை. மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வரும். குறைஞ்சா, லீக்னு அர்த்தம். அடைக்காம ஏத்தினா மறுபடி போகும், மறுபடி காசு. அதனால மொதல்ல ஃபில்டரைக் கழட்டிக் கழுவுங்க. வெளி யூனிட்டைச் சுத்தி சாமான் அடைச்சிருந்தா எடுங்க. காயில்ல தூசி அடைஞ்சிருந்தா சர்வீஸ். காத்து போகலைன்னா காயில்ல பனி கட்டும், பனி கட்டினா காத்து இன்னும் போகாது. இத்தனைக்கும் பிறகு குளிரலைன்னாதான் காஸ் மேல சந்தேகப்படணும்.

அன்னிக்கு எல்லாப் பழியும் காத்து மேல, ஆனா அது நிரபராதி. இன்னிக்குப் பல வீட்டுல குற்றவாளியே அடைபட்ட காத்துதான், பழி மட்டும் காஸ் மேல. பர்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி "லீக் எங்கண்ணே, காட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.