போபால் தந்த விதைச் சட்டம்

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, போபால் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தத் துயரம்தான் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆபத்தானவற்றைக் கையாள மத்திய அரசே விதி வகுக்க அதில் இடம் இருந்தது. அதன்படி 1989 டிசம்பர் 5-ல் வெளியான விதிகள்தான் மரபணு மாற்றுப் பயிர்களுக்கு நம் நாட்டில் இன்றும் அடிப்படை.

அப்போது அப்படியொரு உணவுப்பயிர் உலகில் எந்தச் சந்தைக்கும் வந்திருக்கவில்லை. அமெரிக்காவில் ஃப்ளேவர் சேவர் தக்காளி வந்ததே 1994-ல்தான். வெள்ளம் வருமுன் அணை போட்ட விதிகள் இவை. கேடு செய்யும் நுண்ணுயிர்களோடு மரபணு மாற்றிய உயிர்களையும் ஒரே கட்டுக்குள் வைத்தார்கள். 11-வது விதி உணவையும் விடவில்லை: மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு சம்மதிக்காமல் அத்தகைய உணவை உற்பத்தி செய்யவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது.

முதல் சோதனை 2001-ல் குஜராத்தில் வந்தது. காய்ப்புழு பருத்தியைச் சூறையாடிய ஆண்டு அது. சில காடுகள் மட்டும் செழித்து நின்றன. விசாரித்தால், அனுமதியே பெறாத மரபணு மாற்று விதை 'நவபாரத் 151'! பிடுங்கி எரிக்கச் சொன்னது குழு. காய் வெடித்து நிற்கும் பருத்திக்கு எந்த விவசாயி தீ வைப்பான்? அடுத்த ஆண்டே, 2002 மார்ச்சில், மஹிகோ விதை நிறுவனத்தின் மூன்று பி.டி. பருத்தி ரகங்களுக்கு, அதாவது புழுவைத் தடுக்கும் மரபணு ஏற்றிய ரகங்களுக்கு, அனுமதி கிடைத்தது.

அடுத்தது கத்தரி. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, எம்.டி.யு. 1 போன்ற நம்மூர் ரகங்களிலேயே பி.டி. மரபணுவை ஏற்றியிருந்தது. 2009 அக்டோபரில் குழு ஒப்புதல் தந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் உடனே கையெழுத்திடவில்லை. ஏழு நகரங்களில் உட்கார்ந்து விவசாயிகளையும் விஞ்ஞானிகளையும் பேசவிட்டுக் கேட்டார். 2010 பிப்ரவரி 9-ல் நிறுத்திவைத்தார். அப்படிக் கேட்கும்படி விதிகள் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. முன்யோசனையோடு பிறந்த விதிகளில் எனக்குத் தெரியும் பெருங்குறை இதுதான்: விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் அங்கே நாற்காலி இல்லை.

ஆனால் ஒரு கதவு உண்டு. தேவைப்படும் மாவட்டங்களில் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்க அதே விதிகள் சொல்கின்றன. உங்கள் மாவட்டத்தில் அப்படியொரு குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டுக் கேளுங்கள்.