வளைவு முக்கோணமான வரலாறு
1959இல் சித்ரோயன் கார் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோ என்னும் கணிதர், கார் உடலின் வளைவைச் சில புள்ளிகளைக் கொண்டே கணக்கிடும் முறையைக் கண்டார். நிறுவனம் அதை இரகசியமாகப் பூட்டி வைத்தது. 1960களில் ரெனோவின் பியர் பெசியே தம் ஆய்வை வெளியிட்டார். வளைவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தொழிற்சாலையில் பிறந்த இவ்வளைவே 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெலின் புகழ்பெற்ற தேநீர்க் கெண்டியாயிற்று. (முதலில் அதற்கு அடிப்பாகமே இல்லை!)

காட்சிப்படம் உருவாக்கும் மென்பொருள்களோ பெரும்பாலும் முக்கோணங்களையே ஏற்றன. ஆகவே பொறியாளரின் துல்லியமான வளைபரப்பு பொடிப்பொடியாக நறுக்கப்பட்டது. 1987இல் முப்பரிமாண அச்சுக்கென வந்த எஸ்டிஎல் கோப்பில் முக்கோணங்கள் மட்டுமே உண்டு. மில்லிமீட்டரா, அங்குலமா என்ற குறிப்புகூடக் கிடையாது. மூலச் சமன்பாடு அதில் இல்லை. நறுக்கு பெரிதானால், ஒளி படும் கார்க் கதவில் பட்டைகள் தெரியும்.