விடுதலை மெழுகுவர்த்திகள் (டென்மார்க்)

டென்மார்க்கில் ஆண்டுதோறும் மே 4 மாலை வீட்டுச் சன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றிவைக்கும் வழக்கம். 1940 ஏப்ரல் 9 அன்று நாட்டைக் கைப்பற்றிய ஜெர்மனி, இரவில் துளி வெளிச்சமும் வெளியே தெரியாதபடி சன்னல்களைக் கறுப்புத் திரையால் மூடவைத்தது. ஐந்தாண்டு இருட்டு அது. 1945 மே 4 இரவு எட்டரை மணியளவில், லண்டன் பிபிசியின் டேனிய ஒலிபரப்பு சற்றே நின்றது. பிறகு டென்மார்க்கிலுள்ள ஜெர்மானியப் படைகள் சரணடைந்த செய்தி வாசிக்கப்பட்டது. மக்கள் திரைகளைக் கிழித்தெறிந்தார்கள். கைக்குக் கிடைத்த மெழுகுவர்த்திகளையெல்லாம் ஏற்றிச் சன்னல்களில் வைத்தார்கள். எவரும் ஆணையிடாமல், ஒரே இரவில் பிறந்தது என்பதே இவ்வழக்கத்தின் பெருமை. போர்ன்ஹோம் தீவுக்கு மட்டும் அந்த விடுதலை உடனே வாய்க்கவில்லை. மே 7, 8 தேதிகளில் சோவியத் விமானங்கள் அங்கே ரோன்னே, நெக்சோ நகரங்கள்மீது குண்டு வீசின. பின்னர் வந்திறங்கிய சோவியத் படைகள் 1946 ஏப்ரலில்தான் வெளியேறின.