பதினேழு வயதில் ஒரு முடிவு

எதற்காக பி.காம். சேர்ந்தாய் என்று பதினேழு வயதில் என்னை யாரும் கேட்கவில்லை. நல்லவேளை! கேட்டிருந்தால், 'பக்கத்து வீட்டு அண்ணன் சேர்ந்தார்' என்பதைத் தவிர என்னிடம் பதில் கிடையாது. நீங்களும் நெஞ்சில் கைவைத்து யோசித்துப் பாருங்களேன்.

அமெரிக்காவில், டாக்டராக ஆசைப்படும் சில பிள்ளைகளை அதே வயதில் கேட்கிறார்கள்: 'ஏன் இந்தத் தொழில்? அதையும் ஏன் இப்போதே முடிவு செய்கிறாய்?' நியூஜெர்சியில் இருக்கும் என் கல்லூரி நண்பனின் மகள் இதற்குத்தான் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். 'நீதான் பத்திரிகைக்காரனாச்சே, கொஞ்சம் பார்த்துக் கொடுடா' என்று அனுப்பிவைத்தான் நண்பன்.

அங்கே வழக்கமான பாதை ரொம்ப நீளம். பள்ளி முடித்து நான்கு வருடம் ஒரு டிகிரி, 'எம்கேட்' என்ற நுழைவுத் தேர்வு, அப்புறம் நான்கு வருடம் மருத்துவம். ஆனால், சில பல்கலைக்கழகங்கள் பள்ளி முடிக்கும்போதே இரண்டுக்கும் சேர்த்து ஸீட் கொடுத்துவிடுகின்றன. 'பி.எஸ்.-எம்.டி.' என்பார்கள். நிபந்தனைப்படி மார்க்கைக் காப்பாற்றிக்கொண்டால், மருத்துவ ஸீட் காத்திருக்கும்.

முதலில் டிகிரி என்ற சுவரை ஏன் எழுப்பினார்கள்? பிறகு அதில் ஏன் கதவு வைத்தார்கள்?

1869-ல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், மருத்துவ மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வு வைக்கலாம் என்றார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஹென்றி பிகலோ பதறிவிட்டார். பாதிப் பேருக்கு மேல் சரியாக எழுதவே வராதே, எப்படிப் பாஸாவார்கள் என்பது அவர் வாதம். ஜோக் இல்லை, நிஜம்! ஹார்வர்டிலேயே இந்தக் கதி என்றால், மற்ற இடங்களைக் கேட்க வேண்டுமா? பணம் கட்டினால் பல கல்லூரிகளில் இடம் உறுதி.

இதை மாற்றியது ஒரு பெண்மணியின் பணம். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி தொடங்க நிதி போதவில்லை. ரயில்வே அதிபரின் மகளான மேரி எலிசபெத் காரெட், மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். கூடவே கறாரான நிபந்தனைகள். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும். டிகிரி இல்லாதவருக்கு இடமில்லை! 1893-ல் கல்லூரி திறந்தது. அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் ஆஸ்லர், 'நல்லவேளை, நாம் வாத்தியாராக நுழைந்துவிட்டோம். மாணவராக வந்திருந்தால் இடம் கிடைத்திருக்காது' என்கிற மாதிரி சகாவிடம் வேடிக்கையாகச் சொன்னாராம்.

அடுத்து ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர். டாக்டரே இல்லை, பள்ளிக்கூடம் நடத்தியவர். அமெரிக்கா, கனடாவின் 155 மருத்துவக் கல்லூரிகளை அலசி 1910-ல் அறிக்கை வெளியிட்டார். குறைந்தது இரண்டு வருடமாவது கல்லூரியில் படித்தவர்களையே சேர்க்கணும் என்றார். மட்டமான கல்லூரிகள் மளமளவென்று மூடப்பட்டன. நல்லதுதான். ஆனால், கறுப்பின மாணவர்களுக்காக இருந்த ஏழு கல்லூரிகளில் ஐந்தும் அடுத்த சில ஆண்டுகளில் காணாமல் போயின. சுவர் உயர்ந்தபோது வெளியே நின்றவர்கள் எல்லோரும் தகுதி இல்லாதவர்கள் அல்ல.

சுவர் உயர்ந்ததும் டாக்டர் பற்றாக்குறை வரப்போகிறது என்ற கவலை பிறந்தது. 1959-ல் ஓர் அரசுக் குழு அதை அழுத்தமாகச் சொன்னது. இரண்டே வருடத்தில், 1961-ல் நார்த்வெஸ்டர்ன், பாஸ்டன் பல்கலைக்கழகங்கள் ஆறு வருட இணைப்புப் படிப்பைத் தொடங்கின. 1971-ல் மிசௌரியின் கன்சாஸ் சிட்டியிலும் ஆறு வருடப் படிப்பு வந்தது. அதே பற்றாக்குறையும் 1965-ன் குடியேற்றச் சட்டமும் சேர்ந்துதான் நம்மூர் டாக்டர்களுக்கும் வழிவிட்டன. டிகிரி எதுவும் இல்லாமல் பதினேழு, பதினெட்டு வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் அவர்கள்!

இன்னொரு திருப்பமும் உண்டு. 1984-ல் பிரவுன் பல்கலைக்கழகம் கொண்டுவந்த திட்டத்தில் அவசரமே இல்லை. முழுசாக எட்டு வருடம். நுழைவுத் தேர்வுப் பயமில்லாமல் சரித்திரம், சங்கீதம் எது வேண்டுமானாலும் படி என்றார்கள். ஒரு கதவு சீக்கிரம் போக. இன்னொன்று நிதானமாக நடக்க. விண்ணப்பிப்பவர்கள், எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு தட்டுவது நல்லது.

மார்க், ஆசிரியர்களின் கடிதம், ஆஸ்பத்திரியில் செய்த சேவை, நேர்காணல் எல்லாம் பார்த்தாலும், தேர்வுக் குழு கண்டுபிடிக்க நினைப்பது ஒன்றைத்தான்: ஆசை பிள்ளையுடையதா, பெற்றோருடையதா?

சரி, கட்டுரைக்கு வருவோம். 'மனிதகுலத்துக்குத் தொண்டு' என்று ஆரம்பித்தது. வரிக்கு வரி நண்பனின் வாசனை! போன் போட்டேன். ''இதை எழுதினது யாருடா?'' கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ''நான் லேசா ஹெல்ப் பண்ணினேன்...'' என்றான். ''தப்பும் தவறுமா இருந்தாலும் பரவாயில்லை, அவளே எழுதட்டும்'' என்றேன்.

மறுவாரம் இரண்டாவது கட்டுரை வந்தது. பாட்டியின் மாத்திரை டப்பாவை ஞாயிற்றுக்கிழமைதோறும் நிரப்பித் தருவதைப் பற்றி எழுதியிருந்தாள். ஒரு தடவை மாத்திரையை மாற்றிப் போட்டுவிட்டு, இரவெல்லாம் பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததையும் மறைக்கவில்லை.

ஸீட் கிடைத்ததா என்று கேட்காதீர்கள், முடிவு இன்னும் வரவில்லை. கிடைக்காவிட்டால் நான்கு வருடம் கழித்து அந்தப் பெரிய வாசல் இருக்கவே இருக்கிறது. நான் அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.