பண்டைய இசுரயேலில் வழிபாட்டு விருந்து

வழிபாட்டு விருந்து என்பது பண்டைய இசுரயேலர் தம் குடும்பத்தாருடன் திருத்தலத்தில் கூடி, பலியிட்ட விலங்கின் இறைச்சியை உண்டு மகிழ்ந்த வழக்கம் ஆகும். இது வழிபாடு முடிந்தபின் நடந்த உபசாரம் அன்று. கூடி உண்பதே வழிபாட்டின் ஒரு பகுதியாக இருந்தது.

பலியும் பங்கீடும்

எரிபலியில் விலங்கின் இறைச்சி முழுவதும் பீடத்தில் எரிக்கப்பட்டது. நல்லுறவுப் பலி (சமாதான பலி) அவ்வாறன்று. லேவியர் நூலின்படி இரத்தம் பீடத்தின்மேல் தெளிக்கப்படும்; கொழுப்பு எரிக்கப்படும்; நெஞ்சுக்கறியும் வலது தொடையும் குருக்களுக்கு உரியவை. எஞ்சியது பலி கொடுத்தவரின் பந்திக்கு வரும். நன்றிப் பலியின் இறைச்சியை அன்றே உண்டு முடிக்க வேண்டும். ஒரு மாட்டின் இறைச்சியை ஒரு வீட்டார் மட்டும் ஒரே நாளில் உண்டு தீர்ப்பது அரிது. ஆகவே இவ்விதி உற்றாரையும் அயலாரையும் அழைக்கத் தூண்டியது எனலாம்.

சாமுவேல் நூலில்

எல்கானா ஆண்டுதோறும் குடும்பத்துடன் சீலோவுக்குச் சென்று பலியிட்டு, மனைவி பெனின்னாவுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும், மற்றொரு மனைவி அன்னாவுக்கும் பங்கு கொடுத்தார். பிள்ளைப்பேறு இல்லாத அன்னா, பெனின்னாவின் ஏளனத்தால் உண்ணாமல் அழுதார். எல்லாரும் மகிழ வேண்டிய பந்தியில் ஒருவர் உண்ணாதிருந்த இந்நிகழ்வே சாமுவேலின் பிறப்பு வரலாற்றுக்குத் தொடக்கமாக அமைகிறது.

பந்தியில் யாருக்கு இடம்?

இணைச்சட்டம் (உபாகமம்) பலியிடுவதை ஒரே திருத்தலத்துக்கு உரியதாக்கியது. கி.மு. 622 அளவில் யூதாவின் அரசர் யோசியா செய்த சீர்திருத்தத்துடன் ஆய்வாளர் பலர் இந்நூலைத் தொடர்புபடுத்துவர். தொலைவில் வாழ்ந்தோர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை விற்று, அப்பணத்தால் திருத்தலத்தில் விரும்பிய உணவும் மதுவும் வாங்கிக் குடும்பத்துடன் உண்ணலாம். அறுவடை விழாக்களில் மகன், மகள், அடிமைகள், நிலமற்ற லேவியர், அந்நியர், அனாதைகள், கைம்பெண்கள் அனைவரும் சேர்ந்து மகிழ வேண்டும் என்கிறது இந்நூல். மூன்றாம் ஆண்டின் பங்கு ஊரிலேயே வைக்கப்பட்டு, லேவியர், அந்நியர், அனாதைகள், கைம்பெண்களின் பசி தீர்க்க வேண்டும்.

நடைமுறை எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஏழைகளிடம் அடகாகப் பெற்ற ஆடைகளை விரித்துப் பீடங்களின் அருகே சாய்ந்து குடித்தோரை, கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இறைவாக்கினர் ஆமோஸ் கடிந்தார். எளியோரை வஞ்சித்து நடத்தும் விருந்து வழிபாடாகாது என்பதே அவர் கருத்து.

பிற்காலம்

கி.பி. 70இல் எருசலேம் கோவில் அழிந்தபின் பலிகள் நின்றன. புளியாத அப்பம், கசப்புக் கீரை, திராட்சை மது ஆகியவற்றுடன் யூதக் குடும்பங்கள் வீட்டில் கொண்டாடும் பாஸ்கா உணவில் இம்மரபு இன்றும் தொடர்கிறது.