பேரேடும் பூட்டும்

கொட்டாஞ்சேனையிலே புடவை வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எம்மைத் தமது கடைக்கு அழைத்திருந்தார். அவருடைய மகன் எம்மிடம் படித்தவன்; அந்த உரிமையில் வந்த அழைப்பு. கணக்கு மேசையின் முன் எம்மை அமர்த்திவிட்டு, கணனித் திரையைச் சுட்டிக் காட்டினார். ஏழு ஆண்டுகளாகச் சேர்ந்த பற்றுச்சீட்டுகள், சுங்கப் பத்திரங்கள், வங்கிக் கடிதங்கள், கடை வாடகை ஒப்பந்தம் ஆகிய யாவும் படமெடுக்கப்பட்டு, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் வைக்கப்பட்டிருந்தன. அதற்கு ஆண்டுச் சந்தா உண்டு, அதுவும் டொலரிலே. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டிய கதையை நாம் எல்லோரும் அறிவோம். அன்பர் சந்தாவை இரண்டு மாதம் பிந்திவிட்டார். திரையிலே ஒரு வாசகம் மட்டும் நின்றது: சந்தாவைப் புதுப்பித்த பின் ஆவணங்களைப் பார்வையிடலாம்.

“மாஸ்டர், பில்லு என்ர. கடை என்ர. பூட்டு மட்டும் அவன்ரயோ?” என்று கேட்டார்.

கணனி விற்பவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டால் விலைப்பட்டியல் ஒன்றைத் தருவார்கள். நாமோ தமிழ் படித்தவர். விலைப்பட்டியல் எம்மிடம் இல்லை. ஆகவே வரலாற்றின் பக்கம் திரும்பினோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து நடை தூரத்தில் செட்டியார் தெரு இருக்கிறது. இன்று நகைக்கடைகள் நிறைந்த அத்தெருவிலே, பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் இருந்தன. முதலாளி செட்டிநாட்டிலே இருப்பார். கடையை நடத்துவதற்கு முகவர் ஒருவர் ஏறத்தாழ மூன்று ஆண்டுத் தவணைக்கு வருவார். தவணை முடிந்ததும் அவர் ஊர் திரும்ப, அடுத்தவர் வந்து பெட்டியடியில் அமர்வார். புதியவர் முந்தியவரின் பேரேட்டைப் புரட்டினால், எவர் எவ்வளவு தரவேண்டும், வட்டி எந்நாள் முதல் ஏறுகிறது என்பவற்றைப் படித்துவிட இயலும். ஏனெனில் குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று அமைந்த அக்கணக்கு முறை எந்த ஒரு கடையின் தனிச்சொத்தும் அன்று. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் அடுத்தாளாகி, மேலாளாகி, முகவராக உயரும் வரையில் படிப்படியாகப் பயிலும் பொது வித்தை அது. ஏடு முதலாளிக்குரியது, ஏட்டை எழுதவும் வாசிக்கவும் வேண்டிய முறையோ ஒரு சமூகம் முழுவதற்கும் உரியது. மையும் தாளும் விற்றவன், தவணைப் பணம் வரவில்லை என்று பேரேட்டை மூடிவைக்கும் அதிகாரம் எக்காலத்திலும் பெற்றதில்லை.

இதனால் வட்டிக்கடையைப் புகழ்கிறோம் என்று எவரும் கருதவேண்டாம். 1930களின் பொருளாதார மந்தத்திலே கடன்பட்டோரின் தோட்டங்களும் வயல்களும் கைமாறிய வரலாறு அதே பேரேடுகளில்தான் எழுதப்பட்டது. கடன்பட்டவன் அந்த ஏட்டைத் திறந்து பார்க்கும் உரிமை பெற்றானா? இல்லை. ஆவணம் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே அது பேசுகிறது. கொழும்புத் தமிழர் இதனை மிகக் கொடிய முறையில் கற்றுக்கொண்டனர். 1983 ஜூலையிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிற இடங்களிலும் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது, கலகக்காரர் சிலரின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. மக்கள் தம் ஆட்சியைத் தேர்ந்தெடுப்பதற்கென எழுதிய பெயர்ப்பட்டியல், எந்த வீடு தமிழன் வீடு என்று காட்டிக்கொடுக்கும் கருவியாயிற்று. மறுபுறத்தில், எரிந்த கடைக்குள்ளே அக்கடையின் கணக்கேடும் உறுதியும் காப்புறுதிப் பத்திரமும் சேர்ந்தே எரிந்தன. இரண்டாண்டுகளுக்கு முன், 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி நாளிரவிலே மூட்டப்பட்ட தீயில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்ற நிலையின் விலை அது.

அதே 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, இங்கு நடந்தவற்றோடு எத்தொடர்பும் இல்லாமல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். எவரும் இயக்கவும், உள்ளே திறந்து ஆராயவும், திருத்தவும், பிறரோடு பகிரவும் கூடிய முழுமையான கணனி முறைமை ஒன்றைத் தாம் எழுதப்போவதாகக் கூறினார். 1989இல் அவ்வியக்கம் பொதுமக்கள் உரிமம் என்ற சட்டப் பத்திரத்தை உருவாக்கியது. அதன் சூட்சுமம் எளியது: பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே, எவரும் அம்மென்பொருளைத் தம் தனியுடைமையாக்கிப் பூட்டிவிடாதபடி தடுப்பது. திறந்த மூலம் என்ற பெயர் 1998இல் வந்தது. வணிகர்களை அச்சுறுத்தாத பெயராக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆங்கிலத்திலே விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே ஓயாத குழப்பம். நமக்கு அவ்வில்லங்கம் இல்லை. ஒன்று இலவசம், மற்றது கட்டற்றது. எனினும் எமது வியாபாரியின் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன என்பதைப் பின்னர் காண்போம்.

கொழும்பு இத்துறையிலே வெறும் நுகர்வோனாக இருக்கவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையை அழித்தபோது, காணாமற்போனோர் யார், எம்முகாமில் எத்தனை பேர், எவ்வுதவி எங்கே தேவை என்ற விவரங்கள் சிதறிக் கிடந்தன. இங்குள்ள நிரலாளர்கள் தொண்டர்களாகத் திரண்டு சில வாரங்களில் ‘சகனா’ என்ற மென்பொருளை எழுதி, அதனைக் கட்டற்றதாக உலகுக்குக் கொடுத்தனர். பின்னர் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. அடுத்து 2005ஆம் ஆண்டிலே, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் பேணும் ‘நூலகம்’ என்ற முயற்சி தொடங்கிற்று. வெள்ளவத்தையிலும் அதன் அலுவலகம் இயங்கியது. பெருநிதி இல்லாத அத்தொண்டர்கள் விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட மீடியாவிக்கியை எடுத்துத் தம் நூற்பட்டியலுக்கு அடித்தளமாக்கினர். பின்னர் ஒலி, ஒளி, புகைப்பட ஆவணங்களுக்கென ‘ஆவணகம்’ எழுந்தபோது, கனடாவின் இளவரசர் எட்வேர்ட் தீவுப் பல்கலைக்கழகத்திலே பிறந்த ஐலண்டோரா துணை நின்றது. எரிந்த நூலகத்தின் மக்கள் தமது இரண்டாவது நூலகத்தை எவருடைய பூட்டுக்கும் உட்படாத கருவிகளால் கட்டினர். ஆசிரியர்களாகிய நாம் அதன் பயனை நாள்தோறும் துய்க்கிறோம். அதன் உள்ளமைப்பைப் பற்றி ஒரு நாளாவது மாணவரிடம் பேசியிருப்போமா?

இனிப் புடவைக் கடைக்குத் திரும்புவோம். எமது பழைய மாணவன் ஒருவன், வெள்ளவத்தையைச் சேர்ந்தவன், கணனித் துறையிலே வேலை தேடிக்கொண்டிருந்தான். அவனையும் கூட்டிக்கொண்டு பல மாலைப்பொழுதுகள் இவ்வாராய்ச்சியில் கழிந்தன. முதலிலே டிஸ்பேஸைப் பார்த்தோம். 2002இல் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகமும் ஹியூலெட் பக்கார்ட் கொம்பனியும் சேர்ந்து வெளியிட்ட இதனை மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தமது ஆய்வேடுகளுக்குப் பயன்படுத்துகின்றன. உலகுக்கு வெளிப்படுத்த வேண்டியவற்றுக்கு அது தக்கது. புடவைக் கடைப் பற்றுச்சீட்டுக்கு அன்று. அடுத்து அல்ஃப்ரெஸ்கோ. 2005இல் தொடங்கிய இதற்குச் சமூகப் பதிப்பு என்றும் வணிகப் பதிப்பு என்றும் இரு முகங்கள். பெரிய நிறுவனத்தின் ஒப்புதல் படிமுறைகள் அனைத்தையும் தாங்கும். ஆனால் அதனை ஓட்டவே நல்ல வலுவுள்ள கணனியும் முழுநேரக் காவலும் வேண்டும். 2020இல் அமெரிக்கக் கொம்பனி ஒன்று அதனை வாங்கிவிட்டது. மூலம் திறந்திருந்தாலும், அதனை எழுதுவோர் யாவரும் ஒரே முதலாளியின் சம்பளப் பட்டியலில் இருந்தால், அம்முதலாளியின் மனமாற்றத்தை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். உரிமப் பத்திரத்தை வாசிப்பதோடு நின்றுவிடாது, யார் எழுதுகிறார்கள், எதற்காக எழுதுகிறார்கள் என்றும் விசாரிக்கவேண்டும் என்று அவனிடம் கூறினோம். தமிழ் இலக்கிய விமரிசனத்திலே நாம் கற்ற முறையும் அதுவே!

முடிவிலே பேப்பர்லெஸ் என்ற சிறு மென்பொருள் எம் கவனத்தை ஈர்த்தது. தன் வீட்டுக் கடிதங்களை ஒழுங்குபடுத்த விரும்பிய ஒருவர் எழுதியது அது. அவருக்கு நேரமில்லாமற் போயிற்று. வேறொருவர் அதனை எடுத்துப் புதுப்பித்து 2020இல் வெளியிட்டார். அவரும் ஓய்ந்தபோது, 2022இல் ஒரு குழுவே கூடி அதனைத் தொடர்ந்தது. வணிக நோக்கில் இது நிலையின்மை என்று தோன்றலாம். செட்டியார் தெருவின் முகவர் மாற்றத்தை நினைத்துக்கொண்டிருந்த எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எழுதியவர் போனபின்னும் அடுத்தவர் வந்து அமர்ந்து வாசிக்க முடிந்தது.

அன்றியும், இதிலே இட்ட பத்திரங்கள் சாதாரணக் கோப்புகளாகவே வன்தட்டில் இருக்கும். மென்பொருள் நாளை மறைந்தாலும் அவை மறையா. 2005இல் உலகத் தரநிலையாக ஏற்கப்பட்ட நெடுங்காலப் பேணல் வடிவிலே ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியும் எடுத்துக்கொள்கிறது. படத்திலுள்ள அச்செழுத்தை வாசித்துத் தேடுவதற்கு டெசரக்ட் என்ற மற்றொரு கட்டற்ற மென்பொருள் துணைசெய்கிறது. தமிழையும் அது வாசிக்கும். அச்சிட்ட தமிழை நன்கு வாசித்தது. கணக்கப்பிள்ளைமாரின் கையெழுத்தின் முன் தோற்றுப்போயிற்று. அதனை நாமே வாசிப்பதற்குச் சிரமப்பட்டோம் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

வேறோர் இடையூறும் இருந்தது. கடையின் பழைய தமிழ்க் கடிதங்கள் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்யப்பட்டவை. இந்நாட்டின் தமிழ் அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் பயன்படுத்திய எழுத்துரு இது. ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருப்பதால், எழுத்துரு இல்லாத கணனியில் அக்கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சி தரும். 1991இல் வெளிவந்த முதல் ஒருங்குறித் தரத்திலேயே தமிழுக்கு இடம் இருந்தும், நாம் பல்லாண்டுகள் நமது பூட்டை நாமே செய்துகொண்டோம். அந்நிய நிறுவனத்தை மட்டும் குறைகூறி என்ன பயன்? மாணவன் ஒரு வாரம் இருந்து அக்கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றினான்.

பழைய ஆவணங்களை மீட்பதற்கு அன்பர் இறுதியாக ஒருமுறை சந்தா கட்டவேண்டியதாயிற்று. படங்கள் வந்தன, அவற்றுக்கு இட்டிருந்த பெயர்களும் வகைகளும் வரவில்லை. எண்களை மட்டும் பெயராகத் தாங்கி ஆயிரக்கணக்கான கோப்புகள் இறங்கின. கடையிலே கணக்கெழுதும் பெண்ணொருவர், கையூட்டு இயந்திரம் எதுவுமின்றி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் திகதியும் பெயரும் இட்டார். நான்கு மாதம் பிடித்தது. மென்பொருளைத் தேர்வோர் முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி, உள்ளே போட்டதை எவ்வாறு வெளியே எடுப்பது என்பதுதான். நாம் அதனை ஏழு ஆண்டுகள் கழித்துக் கேட்டோம்.

மாணவன் தன் கூலியைக் கேட்டபோது தகராறு எழுந்தது.

“இலவசம் எண்டுதானே சொன்னனீங்கள், மாஸ்டர்?” என்று அன்பர் எம்மைப் பார்த்தார். அவருடைய வியப்பு உண்மையானதே. உரிமத்துக்குப் பணம் இல்லை என்று நாம் கூறியதை, உழைப்புக்கும் பணம் இல்லை என்று அவர் விளங்கிக்கொண்டார். கடல் கடந்த நிறுவனத்துக்கு ஏழு ஆண்டுகள் மறுபேச்சின்றி டொலரிலே கட்டியவருக்கு, வெள்ளவத்தைப் பையனுக்கு ரூபாவிலே கொடுக்க மனம் வரவில்லை. கணக்கெழுதும் பெண்ணின் நான்கு மாத மேலதிக உழைப்பைப் பற்றியோ பேச்சே எழவில்லை. அன்று நாம் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டோம். இரு கிழமைகள் எம்மோடு அவர் பேசவில்லை. பின்னர் பையனுக்குக் கேட்ட தொகையையும், மாதந்தோறும் வந்து பார்ப்பதற்கு ஒரு சிறு தொகையையும் ஒப்புக்கொண்டார். பெண்ணுக்கு வருட இறுதியில் ‘ஏதாவது’ செய்வதாகச் சொன்னார். செய்தது அவர் உழைப்புக்கு ஈடானதன்று.

2023ஆம் ஆண்டிலே அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொஃப்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்க நிதி போதவில்லை என்று காரணம் கூறப்பட்டது. அக்காலப்பகுதிக்குரிய காப்புப் பிரதியும் இருக்கவில்லை. திறந்த மூலமாயினும், காப்புப் பிரதி எடுக்காதவனை அது காப்பாற்றியிராது என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். செய்தியைப் படித்த அன்றே கொட்டாஞ்சேனையிலிருந்து அழைப்பு வந்தது: “எங்கட பிரதி எங்க இருக்கு, மாஸ்டர்?”

ஒன்று கடையிலே, மற்றொன்று வெள்ளவத்தையிலே அவருடைய தமக்கை வீட்டு அலுமாரியிலே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவை மாற்றப்படுகின்றன. மாற்றும் முறையையும், மென்பொருளை மீண்டும் நிறுவும் முறையையும், எவ்வகைப் பத்திரத்துக்கு எவ்வாறு பெயரிடுவது என்பதையும், கணக்கெழுதும் அப்பெண் ஒரு சீ.ஆர். கொப்பியிலே தெளிவான தமிழில் எழுதி வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு திருமணமாகி அவர் மட்டக்களப்புக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்த புதிய பிள்ளை, கொப்பியைப் புரட்டிக்கொண்டு முதல் வெள்ளிக்கிழமையே தானாக வன்தட்டை மாற்றிவிட்டாள்.