இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் ஓட முடியுமா? கூட ஓடுபவர்கள் எப்படித் துணை நிற்கலாம்?

டெல்லி ஹாஃப் மாரத்தானுக்குத் தயாராகும் நண்பர் ஒருவர் சில நாட்களாகத் தொடை இடுக்கில் வலி என்கிறார். "சும்மா பிடிப்புதான், ஓடினா சரியாகிடும்" என்று நீங்கள் தைரியம் சொல்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இடுப்பு மூட்டு விஷயத்தில் இந்த ஒரு வரி நண்பரை நேராக அறுவை சிகிச்சை மேசைக்கு அனுப்பிவிடக்கூடும்.

கரோல் பாக், பழைய ராஜிந்தர் நகர், பூசா சாலை பகுதிகளில் வேலைக்காகவும் ஐ.ஏ.எஸ். தேர்வுக்காகவும் தங்கியிருக்கும் தமிழ் இளைஞர்கள் பலருக்குக் குடும்பம் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அடிபட்டால் முதலில் வந்து நிற்பவர் அறைத்தோழர், அல்லது காலையில் கூட ஓடுபவர். அந்தத் துணை எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

இடுப்பு மூட்டில் என்னதான் நடக்கிறது?

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணத்தில் பந்து பொருந்தியது போன்ற அமைப்பு. தொடை எலும்பின் உருண்டையான தலைதான் பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழிதான் கிண்ணம். இரண்டின் மீதும் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற வளையம் உள்ளது.

ஓடுபவர்களுக்கும் இளம் வயதினருக்கும் பொதுவாக வரும் பிரச்னைகள் நான்கு.

முதலாவது, லேப்ரம் கிழிவது. பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்தாமல் ஒன்றோடொன்று இடிக்கும்போது இது நடக்கலாம்.

இரண்டாவது, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் ஏற்படும் நுண்ணிய விரிசல். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்பார்கள். ஓடும் தூரத்தைத் திடீரென்று கூட்டுவது, போதுமான அளவு சாப்பிடாமல் ஓடுவது, வைட்டமின் டி குறைபாடு ஆகியவை இதற்கு வழிவகுக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனாலோ தாறுமாறானாலோ அதையும் ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு மடிவது. இது ஓடுவதால் வருவதல்ல. அதிக அளவு ஸ்டீராய்டு மருந்து, மதுப்பழக்கம் ஆகியவை முக்கியக் காரணங்கள். கொரோனா சிகிச்சையில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட சிலருக்கு இது வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள்.

நான்காவது, மூட்டுத் தேய்மானம்.

எந்த வலியை "சரியாகிடும்" என்று விடக்கூடாது?

இடுப்பு மூட்டு வலி பெரும்பாலும் பக்கவாட்டில் தெரியாது. தொடை இடுக்கில் தெரியும், சில நேரம் முழங்காலில்கூடத் தெரியும். அதனால்தான் பலர் தசைப்பிடிப்பு என்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

காலை ஊன்றும்போதெல்லாம் தொடை இடுக்கில் வலித்தால், ஓட ஓட வலி கூடினால், இரவில் படுத்த பிறகும் வலித்தால், நடையே மாறி விந்தினால் அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஒற்றைக் காலில் குதித்துச் சோதித்துப் பார்ப்பதும் வேண்டாம்.

காரணம் இதுதான். தொடை எலும்புக் கழுத்தின் கீழ்ப்பக்க விரிசல்கள் பல, ஊன்றுகோலும் ஓய்வும் கொடுத்தால் ஆறிவிடும். மேல்பக்க விரிசல் ஆபத்தானது, திருகாணி பொருத்தும் அறுவை சிகிச்சை உடனே தேவைப்படலாம். அந்த வலியோடு ஓடி எலும்பு முழுதாக உடைந்து விலகினால், பந்துப் பகுதிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அறுபடலாம். அப்புறம் 28 வயதிலேயே செயற்கை மூட்டு பற்றிப் பேச வேண்டிவரும்.

இன்னொரு விஷயம், ஆரம்பத்தில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்ற பிறகும் வலி தொடர்ந்தால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த இடத்தில் நண்பர் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்றுதான்: "வா, டாக்டரைப் பார்க்கலாம். நானும் வரேன்."

எங்கே போவது?

கரோல் பாக்கைச் சுற்றி சர் கங்கா ராம் மருத்துவமனை, பூசா சாலையில் பி.எல்.கே. மேக்ஸ் என்று பெரிய தனியார் மருத்துவமனைகள் உள்ளன. அரசு மருத்துவமனை என்றால் சஃப்தர்ஜங் மருத்துவமனையின் விளையாட்டுக் காய மையம் இருக்கிறது. கரோல் பாக்கில் மெட்ரோ நீல வழித்தடத்தில் ஏறி, ராஜீவ் சௌக்கில் மஞ்சள் வழித்தடத்துக்கு மாறி, எய்ம்ஸ் நிலையத்தில் இறங்கினால் அருகிலேயே வந்துவிடும்.

போகும் முன் காப்பீட்டையும் பாருங்கள். பல தனிநபர் பாலிசிகளில் மூட்டு மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. விபத்தால் ஏற்பட்ட காயம் என்றால் விதிவிலக்கு கிடைக்கலாம். அலுவலகக் குழுக் காப்பீட்டில் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் இருக்காது. வேலையை விடும் முன் இதைக் கவனியுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் ஓட முடியுமா?

எந்த அறுவை சிகிச்சை என்பதைப் பொறுத்தது.

லேப்ரம் கிழிவை நுண்துளை மூலம் சரிசெய்தால், சில வாரங்கள் ஊன்றுகோல், பிறகு ஃபிசியோதெரபி என்று போகும். எல்லாம் சரியாக நடந்தால் பலர் நான்கு முதல் ஆறு மாதங்களில் மெதுவாக ஓடத் தொடங்குகிறார்கள்.

முழு மூட்டு மாற்று என்றால் பந்து, கிண்ணம் இரண்டுமே செயற்கை. 1962இல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி செய்த அறுவை சிகிச்சைதான் இன்றைய முறைக்கு அடித்தளம். இப்போது இது நம்பகமான சிகிச்சை. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, சுமார் 58 சதவீத செயற்கை இடுப்பு மூட்டுகள் 25 ஆண்டுகள் வரை நீடிக்கின்றன. நடை, நீச்சல், சைக்கிள் எல்லாவற்றுக்கும் மருத்துவர்கள் பச்சைக்கொடி காட்டுவார்கள். நீண்ட தூர ஓட்டத்துக்குப் பலர் இன்னும் தயங்குகிறார்கள். ஓடுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

மூன்றாவது வகை ரீசர்ஃபேசிங். பந்தை வெட்டி எடுக்காமல், அதன் மேல் உலோகத் தொப்பி போன்ற ஒன்றைப் பொருத்துவார்கள். எலும்பு வலுவாக உள்ள இளம் ஆண்களுக்கே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

"எனக்கு முடிஞ்சது" என்று சொல்வதில் ஒரு நேர்மை வேண்டும்

டென்னிஸ் வீரர் பாப் பிரையன் 2018 ஆகஸ்டில் இடுப்பு ரீசர்ஃபேசிங் செய்துகொண்டார். அடுத்த ஐந்தே மாதங்களில் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் போட்டியில் ஆடினார். அப்போது இடுப்பு வலியால் ஓய்வின் விளிம்பில் இருந்த ஆண்டி மர்ரி, அவரிடம் தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருந்தார். பிரையனும் தன் அனுபவத்தை மறைக்காமல் பகிர்ந்தார். மர்ரி 2019 ஜனவரியில் லண்டனில் அதே சிகிச்சையைச் செய்துகொண்டு, அக்டோபரில் ஆண்ட்வெர்ப் ஒற்றையர் பட்டத்தையே வென்றார்.

இந்தக் கதையில் நமக்கு வேண்டியது பட்டம் அல்ல. தான் ஆடுவது இரட்டையர், ஒற்றையர் ஆட்டத்தின் சுமையை இந்த மூட்டு தாங்குமா என்று தெரியாது என்பதையும் பிரையன் வெளிப்படையாகச் சொன்னார். தன் அனுபவத்தின் எல்லையையும் சேர்த்துச் சொல்வதுதான் நல்ல துணை. "நான் ஆறு வாரத்துல நடந்தேன், நீ ஏன் இன்னும் வாக்கரோட இருக்க?" என்று கேட்பது துணை அல்ல, தொல்லை.

மூன்றாவது மாடி அறை: முதல் ஆறு வாரம்

கரோல் பாக்கின் பழைய வீடுகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு குறுகல், செங்குத்து. சில அறைகளில் இன்னும் இந்தியன் டாய்லெட்தான். அதனால் அறுவை சிகிச்சைத் தேதி குறித்ததுமே அறையைப் பற்றியும் பேசிவிடுங்கள். முடிந்தால் தரைத்தளத்திலோ லிஃப்ட் உள்ள கட்டடத்திலோ உள்ள நண்பர் வீட்டில் ஆறு வாரம் தங்குவது நல்லது.

முடியாவிட்டால், படி ஏறும் முறையை ஃபிசியோதெரபிஸ்டிடம் நீங்களும் சேர்ந்தே கற்றுக்கொள்ளுங்கள். விதி எளிது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முதலில். ஒற்றைக் கைத்தடி என்றால் சிகிச்சை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

முழு மூட்டு மாற்று செய்தவர்களில் பலருக்கு, தொடக்க வாரங்களில் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, காலைக் குறுக்கே போடக்கூடாது என்று சொல்வார்கள். மூட்டு நழுவிவிடும் என்ற பயம்தான். அதனால் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவது, குத்துக்கால் போட்டு உட்காருவது, குனிந்து ஷூ லேஸ் கட்டுவது எல்லாம் மருத்துவர் அனுமதிக்கும்வரை வேண்டாம். உயரமான நாற்காலி, டாய்லெட் இருக்கையை உயர்த்தும் சாதனம், குளியலறையில் வழுக்காத பாய் ஆகியவை தேவை.

குழுவில் ஐந்து பேர் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் மெஸ் சாப்பாடு, ஒருவர் மருந்து, ஒருவர் ஃபிசியோதெரபிக்குக் கூட்டிப் போவது. முதல் சில இரவுகள் யாராவது ஒருவர் கூடவே படுத்துக்கொள்வது முக்கியம்.

எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அபாய அறிகுறிகளும் உண்டு. கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் நீர் வடிவது, திடீரென்று காலை அசைக்க முடியாத வலி ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் ரத்தக்கட்டி நுரையீரலை அடைந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் 112ஐ அழையுங்கள்.

மீண்டும் ஷூ மாட்டும் நாள்

மருத்துவரும் ஃபிசியோதெரபிஸ்டும் அனுமதித்த பிறகும் எடுத்தவுடன் 5 கிலோமீட்டர் கிடையாது. விந்தாமல் 30 நிமிடம் நடக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் இடுப்பு சாயாமல் நிற்க முடிகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு ஒரு நிமிட ஓட்டம், சில நிமிட நடை என்று கலந்து தொடங்கும்.

தூரம், வேகம் இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். ஓடும்போது வலித்ததா என்பது மட்டும் கணக்கல்ல, மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்பதும் கணக்கு.

கூட ஓடுபவர்களுக்கு இங்கேதான் உண்மையான சோதனை. உங்கள் வேகத்தை விட்டுக்கொடுத்து, வாரம் ஒரு நாள் அவரோடு நடக்க முடியுமா? ஓட முடியாத மாதங்களிலும் அவர் உங்கள் குழுவில் இருக்கிறாரா? ஞாயிறு ஓட்டம் முடிந்து இட்லி சாப்பிடப் போகும்போது அவரையும் அழைக்கிறீர்களா? பலருக்கு வலியைவிட இந்தத் தனிமைதான் அதிகம் வலிக்கிறது.

டெல்லியில் இதற்கு ஓர் உதாரணம் மேஜர் டி.பி. சிங். 1999 கார்கில் போரில் படுகாயமடைந்து வலது காலை இழந்த அவர், 2009இல் டெல்லி ஹாஃப் மாரத்தானில் ஓடினார். 2011இல் 'தி சேலஞ்சிங் ஒன்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். கை கால் இழந்தவர்களை அதே நிலையைக் கடந்தவர்களே ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் அழைத்து வருவதுதான் அதன் வழி. காயம் வேறு, ஆனால் பாடம் ஒன்றுதான்: அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்தவர் சொன்னால் காது கேட்கிறது.

துணை என்பது தைரியம் சொல்வது மட்டுமா?

இல்லை. இந்தியாவின் இடுப்பு மூட்டு நோயாளிகளே இதைக் காட்டியிருக்கிறார்கள்.

ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் தயாரித்த ஏ.எஸ்.ஆர். என்ற உலோக இடுப்பு மூட்டுகள், 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. உலோகத்தோடு உலோகம் உரசியதால் சிலரது ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் கலந்தது. பலருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் இவை பயன்படுத்தப்பட்டிருந்தன. அவர்களில் பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் ஆதரவுக் குழுவாக ஒன்றுசேர்ந்து கேள்வி எழுப்பினார்கள். மத்திய அரசு 2017இல் நிபுணர் குழு அமைத்தது. 2018 நவம்பரில், பாதிப்பின் அளவையும் வயதையும் பொறுத்து 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்ற கணக்கீட்டு முறை அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

உங்களுக்கான பாடம் எளிமையானது. உடலுக்குள் எது பொருத்தப்பட்டாலும் அதன் பெயர், நிறுவனம், வரிசை எண் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் அறிக்கையோடு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி நண்பரிடம். அறை மாறும்போதும் ஊர் மாறும்போதும் தொலைந்துபோகும் முதல் காகிதம் அதுதான். பொருத்திய கருவியால் பிரச்னை என்று சந்தேகித்தால், மருத்துவரிடம் சொல்வதோடு 1800 180 3024 என்ற இலவச எண்ணிலும் புகார் அளிக்கலாம். மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2015 முதல் செயல்படுகிறது.

குழு எதைச் செய்யக்கூடாது?

ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம். குறிப்பாக ஸ்டீராய்டு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு "ரேஸை மட்டும் முடிச்சிடு" என்று சொல்ல வேண்டாம், வலி தரும் எச்சரிக்கையை அது மூடிவிடும். எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் குழுவில் போட்டு ஆளுக்கொரு தீர்ப்பு எழுத வேண்டாம். பெரிய அறுவை சிகிச்சை என்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கச் சொல்லுங்கள், அதற்கு நேரம் இருந்தால்.

நாளைக் காலை உங்களோடு ஓடும் யாராவது விந்தி விந்தி நடந்தால், கைக்கடிகாரத்தை நிறுத்திவிட்டு "எங்க வலிக்குது?" என்று கேளுங்கள். தொடை இடுக்கைக் காட்டினால், அன்றைய ஓட்டம் அவருக்கும் உங்களுக்கும் அத்தோடு முடிந்தது.